மேற்பட்டமும் ஆய்வுக் கண்ணும்

நம் கல்லூரித் தாயின் விழா மலரில் எழுதுவோர் பலர் தத்தம் பெயர்க்குப் பின்னே பட்டங்கள் பல பூண்டவர். மருத்துவரும் பொறியியலாளரும் கணக்காளரும் சட்டத்தரணிகளும் நிறைந்த இவ்வவையிலே, பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் ஒன்றனையே கைக்கொண்ட தமிழாசிரியனாகிய யான் பட்டப்பின் கல்வியைப் பற்றிப் பேசப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். ஆயினும் சோற்றின் அருமை பசித்தவனுக்கே தெரியும். அத்துணிவினாலேயே எழுதுகின்றேன்.

முதற்கண் என் பிழையொன்றைக் கூறிவிடுகின்றேன். யான் வாழும் பட்டிப்பொல, நாட்டின் மிக உயர்ந்த புகைவண்டி நிலையம் அமைந்த ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,890 மீற்றர் உயரத்தது. மழையும் மூடுபனியும் இங்கு விருந்தினர் அல்ல; வீட்டார். சில ஆண்டுகளுக்கு முன் மலைப்பள்ளி ஒன்றிற் கற்பித்த காலத்தில், திங்கட்கிழமைகளில் மாணவர் வரவு குறைதலைக் கண்டேன். ஒரு தவணை முழுமைக்கும் வரவுப் பதிவேட்டை எண்ணிப் பார்த்தேன்; கண்டது மெய்யே. உடனே காரணத்தையும் கண்டுவிட்டதாக எண்ணினேன். ஞாயிறு ஓய்விற் பெற்றோர் பிள்ளைகளை உறவினர் வீடுகளுக்கு அழைத்துச் செல்கின்றனர். அவர்க்குக் கல்வியில் அக்கறை இல்லை என்பதே என் முடிபு. அதனைப் பெற்றோர் கூட்டத்திலும் உரத்துக் கூறினேன். தாய்மார் தலைகுனிந்திருந்தனர்; ஒருவரும் மறுத்திலர். அவர் மறுக்காமையையும் என் கூற்றுக்குச் சான்றாகக் கொண்டேன்.

பின்னர், செயல்நிலை ஆய்வு பற்றிய இரண்டு நாட் பயிற்சியொன்றுக்குச் சென்றேன். என் கண்டுபிடிப்பை அங்கே பெருமையுடன் எடுத்துரைத்தபோது, விரிவுரையாளர் அம்மையார், “மழை மாதங்களையும் வெயில் மாதங்களையும் பிரித்து எண்ணினீர்களா, ஐயா? பிள்ளைகளைக் கேட்டீர்களா?” என்று வினவினார். யான் இரண்டும் செய்திலேன்.

மீண்டு வந்து பழைய பதிவேடுகளையும் எடுத்துப் பிரித்து எண்ணினேன். வெயில் மாதங்களில் திங்கட்கிழமைக்கும் பிற நாட்களுக்கும் வேற்றுமை காணுதல் அரிதாயிருந்தது. மழை மாதங்களிலேயே குறைவு மிக்கிருந்தது. பிள்ளைகளைத் தனித்தனியே அழைத்துக் கேட்டேன். “உடுப்பு காயலைங்க சார்” என்றாள் ஒரு சிறுமி. ஒரே சீருடை, வார இறுதியிலே துவைத்தது லயத்துக் காம்பராவில் அடுப்பின்மேற் கட்டிய கொடியில் இரண்டு நாள் தொங்கியும் ஈரம் போகவில்லை. அடுத்த கூட்டத்தில் அத்தாய்மாரிடம் மன்னிப்புக் கேட்டேன். மழைக்காலத் திங்கட்கிழமைகளில் வேற்றுடையும் ஏற்கப்படும் என்று தலைமையாசிரியர் இசைந்தார், வரவும் தேறிற்று.

எண்ணிக்கை பொய் கூறவில்லை, எண்ணியவனே அவசரப்பட்டான். அக்கறை எனக்கு இருந்தது, உழைப்பும் இருந்தது. இல்லாதது ஆய்வுப் பயிற்சி. அஃதின்மையால் ஓர் ஊர்த் தாய்மாரையே பழித்துவிட்டேன். ஆதலின், ஆராய்ச்சி என்பது பேராசிரியர்தம் அலங்காரம் என்று கூறுவாரோடு யான் உடன்படேன். அது பிறரைத் தவறாகத் தீர்ப்பிடாமல் நம்மைக் காக்கும் ஒழுக்கமுமாகும்.

நிற்க. மலைநாட்டின் வரலாறே ஆராய்ச்சியின் பயனை நமக்கு உணர்த்துகின்றது. 1869 இல் இந்நாட்டுக் கோப்பியில் இலைத்துரு நோய் தோன்றியது. அதனை ஆராயும் பொருட்டு மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலார் வந்து சேர்ந்தது 1880 இல். அவர் நோயின் இயல்பைத் தெளிவுறக் கண்டார். ஆயினும் காலம் கடந்துவிட்டமையால் கோப்பிப் பயிர் அழிந்தது. தேயிலைக்கோ 1925 இல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பின்னர் அது தலவாக்கலையில் நிலைபெற்றது. 1946 இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைப் பற்றியபோது, செப்பு மருந்து தெளித்தல் முதலிய வழிகளை ஆய்ந்துரைக்க ஆளும் இருந்தது, கூடமும் இருந்தது. தேயிலை பிழைத்தது.

இலையிற் கொப்புளம் கண்டால் ஆராய ஒரு நிலையம் உண்டு. அவ்விலையைப் பறிக்கும் தாயின் பிள்ளை வாசிப்பில் ஏன் இடர்ப்படுகின்றது, ஏன் இடைநடுவே பள்ளியை விட்டு நிற்கின்றது என்பவற்றை நாள்தோறும் அருகிருந்து ஆராய்வார் யார்? வெளியிலிருந்து வினாத்தாள்களுடன் வருவோர் வருகின்றனர், நிரப்பிச் செல்கின்றனர். அவர் கண்டவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பெற்று நகர நூலகங்களில் உறங்குகின்றன. விடை கொடுத்த தோட்டத்துக்கு அவை மீள்வது அரிது. வகுப்பறையில் நாள்தோறும் நிற்கும் ஆசிரியனே ஆய்வாளனாதல் வேண்டும். 1975 இல் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் என்னும் ஆங்கிலக் கல்வியாளர் தம் நூலில் வற்புறுத்தியதும் இதுவே.

இது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் தமக்கு முன்னிருந்த புலவர் கூற்றைப் பலவிடத்தும் எடுத்துக்காட்டுவார். உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் ஒருங்கே நோக்கி இலக்கணம் செய்தார் என்று அந்நூற் பாயிரம் கூறும். அண்மைக் காலத்தில் விபுலானந்த அடிகளைக் காண்க. அவரும் ஆசிரியப் பயிற்சி பெற்று வாழ்வைத் தொடங்கியவரே. 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானார். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியராயிருந்தார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியரானார். கணிதமும் பௌதிகமும் துணையாகப் பண்டை இசையைப் பல்லாண்டு ஆய்ந்து, 1947 இல் யாழ்நூலை அரங்கேற்றினார். நம் மலைநாட்டிலோ, தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தொழிலாளர் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்து, அழியவிருந்த செல்வத்தைக் காத்தார்.

‘ஆசிரியன் கற்பிக்கட்டும், ஆய்வு அவனுக்கு எதற்கு?’ என வினவுவோர் மருத்துவத் துறையை நோக்குக. முற்காலத்தில் நிபுணராக விரும்பிய நம் மருத்துவர் இங்கிலாந்து சென்றே மேற்பட்டம் பெற்றனர். 1980 இல் கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் அமைந்தபின் அப்பயிற்சி தாய்நாட்டிலேயே கிட்டியது. அங்குப் பயில்வோர் ஆய்வும் கற்கின்றனர். நோயாளியை விட்டு நீங்குதற்காகவா? அன்று, நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தின் பயனை அளந்தறிதற்காகவே. மருத்துவர்க்கு ஆகும் நீதி ஆசிரியர்க்கும் பொறியியலாளர்க்கும் ஆகாதோ?

இனி நம்மவர் குறையையும் மறைத்தல் தகாது. மேற்பட்டத்தைச் சம்பளப் படிக்கும் பதவி உயர்வுக்கும் ஏணியாக மட்டும் கொள்வோர் உளர். ஆய்வுக் கட்டுரையைக் காசு கொடுத்துப் பிறரைக்கொண்டு எழுதுவிக்கும் இழிவும் செவியில் விழுகின்றது. 2012 இல் வகுக்கப்பெற்ற இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி, பாடநெறி மட்டும் பயின்று பெறும் முதுமாணி ஒன்பதாம் படியினது. ஆய்வும் உடன்கொண்டது பத்தாம் படியினது. எளிதென்று ஒன்பதோடு நிற்போரைப் பழித்தல் என் கருத்தன்று. குடும்பச் சுமை யாவர்க்கும் உண்டு. ஆயினும் இயன்றவர் பத்தாம் படியையே நாடுதல் நன்று. பட்டம் சுவரிலே தொங்கும். வினவவும் எண்ணவும் ஐயுறவும் திருத்திக்கொள்ளவும் கற்ற மனமோ வகுப்பறையிலே பயன்படும்.

பட்டம் பெற்றவர் மலையை விட்டு நகருக்கு இறங்கிவிடுகின்றனர் என்னும் முறைப்பாடும் உண்டு. அதனில் உண்மையும் உண்டு. ஆனால் அவர் இறங்குதற்கு முன்னரே நாம் அவரை இறக்கிவிடுகின்றோம். பேராதனையிலோ மகரகமையிலோ நிகழும் சனிக்கிழமை வகுப்புக்கு, மலையுச்சி ஆசிரியர் வெள்ளி மாலையே புறப்படவேண்டும். பயணச் செலவு, தங்கும் செலவு, நூற்செலவு என்னும் மூன்றும் அவர் ஊதியத்தை அரிக்கின்றன. பயிற்றப்பட்ட ஆசிரியரோ கல்விமாணிப் பட்டம் முடித்தன்றி முதுமாணி வாயிலை அணுகுதலே கடினம்.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். ஒன்று: இவ்விழாவின் நினைவாக ஆண்டுதோறும் மலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர்க்கேனும் ஆய்வுடன் கூடிய மேற்படிப்புக்கு உதவுநிதி அளியுங்கள், தம் பள்ளியையே ஆராய்தலும், முடித்தபின் சில ஆண்டுகள் மலைநாட்டிலேயே பணிபுரிதலும் அதற்கு நிபந்தனையாகுக. கண்டியிலும் கொழும்பிலும் வாழும் அன்பர்கள் சனிக்கிழமை இரவுக்கு ஒரு படுக்கையும் ஒரு பிடி சோறும் அளிப்பின் அதுவும் நிதியே. இரண்டு: மலையகம் பற்றிய ஆய்வேடுகளின் படிகளைத் தேடிப் பெற்று, தமிழ்ச் சுருக்கத்துடன் கல்லூரி நூலகத்தில் தனி அலுமாரியில் வையுங்கள். மூன்று: ஆண்டுக்கொரு நாள் ஆய்வரங்கு கூட்டுங்கள், பட்டம் உடையோரும் இல்லோரும், உயர்வகுப்பு மாணவரும் தாம் கண்டதைப் படிக்க, கற்றோர் குறை கூறித் திருத்துக.

மாணவச் செல்வங்களே, ஆய்வைத் தொடங்கப் பட்டம் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. உங்கள் பாட்டியின் சொற்களைக் குறித்து வையுங்கள். ஊர் மழையை அளந்து எழுதுங்கள். ஒரு காரணம் தோன்றியதும் ‘வேறு காரணம் இருக்குமோ?’ என்று கேளுங்கள்.

நாற்பது கடந்த யானும் கல்விமாணி வகுப்புக்கு விண்ணப்பம் எழுதியுள்ளேன். முதுமாணி வரை செல்லக் காலம் இடந்தருமோ, இறைவன் அறிவான். செல்வேனாயின், என் ஆய்வின் முதற்பக்கத்தை அன்று தலைகுனிந்திருந்த அத்தாய்மார்க்கு உரித்தாக்குவேன். வாழ்க நம் கல்லூரி. வளர்க அதன் தொண்டு.