‘மெதுவாத்தானே போறேன்...’ – ஹெல்மெட் வாங்கித் தரும் 8 மில்லி விநாடி!

நரிக்குடியிலிருந்து திருச்சுழிக்கோ அருப்புக்கோட்டைக்கோ பைக்கில் கிளம்புகிறவர்களில் பலரிடம் ஹெல்மெட் இருக்கிறது. ஆனால் தலையில் இல்லை. பெட்ரோல் டேங்க் மேலேயோ கண்ணாடியிலோ தொங்குகிறது. கேட்டால், ‘இந்தா இருக்கிற ஊருக்குத்தானே’, ‘மெதுவாத்தான் போவேன்’ என்பார்கள். இருபுறமும் சீமைக்கருவேலம், காலியான ரோடு, மண்டையைப் பிளக்கும் வெயில். ஹெல்மெட்டைக் கழற்றத்தான் தோன்றும்.

மெதுவாகப் போனால் ஆபத்து இல்லையா? இதற்கான பதில் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது.

உந்தம், கணத்தாக்கு: என்ன வித்தியாசம்?

நகரும் பொருளின் நிறையை அதன் திசைவேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். அந்தப் பொருளை நிறுத்த ஒரு விசை வேண்டும். அந்த விசையை, அது செயல்படும் நேரத்தால் பெருக்கினால் கணத்தாக்கு. உந்தம் எவ்வளவு மாறுகிறதோ, கணத்தாக்கும் அவ்வளவே. அதாவது, நிறுத்தும் நேரம் குறைந்தால் விசை எகிறும். நேரம் கூடினால் விசை குறையும்.

கோயிலில் சிதறுகாய் விடுகிறவர் கல்லைப் பார்த்துத்தான் போடுவார். அதே தேங்காய் வைக்கோல் படப்பில் விழுந்தால் உடையாது. இரண்டிலும் தேங்காய் இழக்கும் உந்தம் ஒன்றுதான். கல் அதைச் சட்டென நிறுத்துகிறது, வைக்கோல் மெதுவாக நிறுத்துகிறது. கட்டிட வேலையில் வீசும் செங்கல்லைப் பிடிப்பவர், அது வரும் போக்கிலேயே கையை விட்டுக்கொடுத்துப் பிடிப்பதும் இதனால்தான்.

தலைக்கு என்ன ஆகும்?

பைக்கில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 5.4 மீட்டர், கிட்டத்தட்ட மணிக்கு 20 கி.மீ. வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இதே கணக்குதான்.

தலையின் எடையை 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தார் ரோடு அதை 2 மில்லி விநாடியில் நிறுத்தினால் சராசரி விசை 13,500 நியூட்டன். ஏறக்குறைய 1,400 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் போன்ற பகுதி நசுங்கி, அதே நேரத்தை 10 மில்லி விநாடியாக நீட்டினால் விசை 2,700 நியூட்டன். ஐந்தில் ஒரு பங்கு! ஹெல்மெட் கூடுதலாக வாங்கித் தருவது வெறும் 8 மில்லி விநாடி. கண் சிமிட்டும் நேரத்தைவிட அது ரொம்பக் குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது?

2022-ல் ஹெல்மெட் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் இந்தியாவில் 50,029 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். அதே ஆண்டில் அதிக சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105.

தமிழ்நாட்டில் ஹெல்மெட் இல்லாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். இது பின்னால் உட்காருகிறவருக்கும் பொருந்தும். 4 வயதைத் தாண்டிய குழந்தைகளையும் சட்டம் விடவில்லை.

எதைக் கவனிக்க வேண்டும்?

* ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். உள்ளே நசுங்கும் பகுதி இல்லாத தொப்பி, போலீஸ்காரருக்குக் காட்ட மட்டுமே உதவும்.
* வாரை மாட்டுங்கள். மாட்டாவிட்டால் தலை தரையைத் தொடும் முன்பே ஹெல்மெட் கழன்று போய்விடலாம்.
* ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். நசுங்கிய பகுதி மறுபடி நசுங்கி நேரம் தராது.

திருச்சுழி பக்கமா, தூரமா என்பது பெட்ரோல் கணக்குக்குத்தான் உதவும். கீழே விழும் தலைக்கு ஒன்றரை மீட்டர் உயரமே போதும்.