கொதிகலனுக்குக் கண் வேண்டும்



வேலை ஓய்ந்துவிட்டது என்பதற்காக மருந்து கலக்கும் அறையில் ஆபத்தும் ஓய்ந்துவிடுவதில்லை. தரையில் சிந்திக் கிடக்கும் துகள் போதும். சிவகாசி வட்டாரத் தோழர்களுக்கு இதை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

நெய்வேலியில் நடந்தது என்ன? 2020 சூலை 1 அன்று, இரண்டாம் அனல்மின் நிலையத்தின் 5-ஆம் அலகில், ஓடாமல் நின்றிருந்த கொதிகலன் வெடித்தது! அன்றே 6 உயிர்கள். அடுத்தடுத்த நாட்களில் மருத்துவமனைப் படுக்கையில் மேலும் பலர். அதற்கு இரு திங்களுக்கு முன்னர்தான், மே 7-இல், 6-ஆம் அலகின் வெடிப்பு ஐவரைப் பலிகொண்டிருந்தது. மாண்டவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

பழைய கொதிகலன்களின் கட்டுப்பாட்டு முறையைப் புதுப்பிப்பதை இனியும் தள்ளிப்போட இயலாது. நமக்கு அண்மையிலுள்ள தூத்துக்குடி அனல்மின் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள்; முதலாவது 1979-இல் ஓடத் தொடங்கியது. அந்நாளில் அதற்கு இடப்பட்ட கட்டளை ஒன்றே ஒன்று: இரவும் பகலும் ஒரே சீராக எரி! பின்னர் வந்தது சூரிய மின்சாரம். 2016-இல் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் எழுந்தது. நண்பகலில் வெயில் மின்சாரத்தை வாரி வழங்குகிறது, அந்தியில் கைவிரிக்கிறது. எனவே நிலக்கரி அலகுகள் தம் ஆற்றலில் 40 விழுக்காடு வரை தணிந்து ஓடப் பழக வேண்டுமென 2023-இல் மத்திய மின்சார ஆணையம் விதி வகுத்தது.

தணிந்து எரியும் தீ தடுமாறும். சுடர் அணைந்த பின்னும் நிலக்கரித் தூள் உலைக்குள் பாய்ந்துகொண்டிருந்தால், அது வெடிமருந்தன்றி வேறென்ன? சுடரை இமைக்காமல் பார்க்கும் கருவி வேண்டும். அது அணைந்ததும் எரிபொருளைத் தானே நிறுத்தும் அமைப்பு வேண்டும். ஐந்து நிமிடமேனும் காற்றைச் செலுத்தி உலையைத் துடைத்தாலன்றி மறுபடி தீயிட இணங்காத பூட்டு வேண்டும். "கணிப்பொறி வந்தால் ஆள் போவான்" என்று ஐயுறும் தோழர்கள் உளர். ஐயம் பொருளற்றதன்று. ஆட்குறைப்பை எதிர்ப்போம், உயிர்காக்கும் கருவியை எதிர்ப்பது நமக்கு நாமே குழிவெட்டுவது.

ஆனால், கட்டுப்பாட்டு அறையின் திரை யாருக்குத் தெரிகிறது? குளிர்ந்த அறையில் அமர்ந்திருப்பவருக்கு! நின்றுபோன உலையின் அடியில் சாம்பலும் கிளிங்கர் கட்டியும் அகற்றப் போகிறவனுக்கு, உள்ளே தணல் கனல்கிறதா என்று அது சொல்வதில்லை. பட்டாசு ஆலையில் போர்மேனுக்குச் சான்றிதழ் உண்டு. கொதிகலனை இயக்குபவருக்கும் உண்டு. கட்டியை உடைக்கப் போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு?

1863-இல் கல்கத்தாவில் கொதிகலன் வெடித்த பின்னரே, 1864-இல் வங்காளத்தில் ஆய்வுச் சட்டம் பிறந்தது. 1923-இல் இந்தியா முழுமைக்கும் சட்டம். 2025-இல் அதற்கு மாற்றாகப் புதுச் சட்டம். ஏட்டில் குறைவில்லை!

எந்த நிலையத்தில் புதுப்பிப்பு ஒப்பந்தம் கையெழுத்தானாலும் கேளுங்கள்: பாதுகாப்புப் பூட்டை விலக்கி வைத்து ஓட்டச் சொல்லும் அதிகாரி, அதை எழுத்தில் தருவாரா? ஒப்பந்தத் தொழிலாளிக்கு எத்தனை நாள் பயிற்சி? "உலை ஆறவில்லை, இறங்க மாட்டேன்" என்று அவன் மறுத்தால், அன்றைய கூலி அவனுக்குக் கிடைக்குமா?