அப்பாவுக்கு ரெண்டு சிகரெட்!

போன வாரம் தெருமுனைப் பெட்டிக்கடையில் பால் பாக்கெட் வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பையன். ஏழாவது படிக்கலாம், யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. “அண்ணே, அப்பாவுக்கு ரெண்டு சிகரெட்” என்றான். கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். மீதிச் சில்லறைக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

எனக்கும் அது உறுத்தவில்லை. காலம்காலமாகப் பார்க்கிற காட்சிதானே!

இரண்டு நாள் கழித்து, தெரிந்த அக்கா ஒருவர் கண் கலங்கிப் பேசினார். ஒன்பதாவது படிக்கும் மகனின் பையில் கூல் லிப் பொட்டலம். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்ளும் புகையிலை அது. புகை வராது, வகுப்பில் உட்கார்ந்திருந்தால்கூட யாருக்கும் தெரியாது. “எப்படிடா வாங்கினே?” என்று கேட்டதற்கு, “அப்பாவுக்குன்னு சொன்னேன், கொடுத்தாங்க” என்றானாம்.

அந்த வீட்டிலும் சிகரெட் வாங்க அவனைத்தான் அனுப்புவார்கள். முதலில் அப்பாவுக்காகப் போனான். அப்புறம் அப்பா பேரைச் சொல்லிப் போனான். கடைக்கு வழி காட்டியது கெட்ட சகவாசம் இல்லை, வீடுதான்.

கஞ்சா விற்கிறவன் தேடுவதும் இப்படிப்பட்ட பிள்ளையைத்தான். கேட்டு வாங்கக் கூச்சம் போயிருக்கும். காசுக்கு வீட்டில் கணக்குக் கேட்க மாட்டார்கள். இன்று வாங்க வைப்பான், நாளை பொட்டலத்தைக் கைமாற்றிவிட்டு வரச் சொல்வான்.

தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-லேயே தடை வந்துவிட்டது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு சிகரெட் விற்கக் கூடாது, அப்பா அனுப்பினாலும்தான். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலையே விற்கக் கூடாது. சிறார் நீதிச் சட்டத்தின்படி, குழந்தைக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால், நாமே பிள்ளையை அனுப்பிவிட்டு கடைக்காரரை மட்டும் எப்படிக் கேட்பது?

பசி குறைவது, வாயில் அடிக்கடி புண், காரணமில்லாத எரிச்சல், வீட்டில் காசு காணாமல் போவது, வயதில் மூத்த புது நண்பர்கள். இவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனாலும் உட்கார வைத்து விசாரியுங்கள். அடித்தால் அடுத்த முறை இன்னும் நன்றாக ஒளித்து வைப்பான், அவ்வளவுதான். பழக்கத்திலிருந்து மீள ஆலோசனை வேண்டுமென்றால் 14446. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. இரண்டுமே கட்டணமில்லாத எண்கள்.

அந்த அக்கா இப்போது மகனை டாக்டரிடம் அழைத்துப் போகிறார். அப்பாவும் கூடவே போகிறாராம்.

உங்கள் வீட்டில் இன்று சாயங்காலம் சிகரெட் தீர்ந்துபோனால், பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு நீங்களே நடங்கள். பாதி வழியில் ‘வேண்டாம், விட்டுவிடலாம்’ என்று தோன்றினால், அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்!