வீட்டுக்கொரு மழைமானி வேண்டும்!

(மூன்றாமாண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டவுடன் நம்ம வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ‘நட்பு’, ‘தாய்மை’ என்று கவிதை எழுதப் போய்விட்டார்கள். எனக்குக் கவிதை வராது. நான் இரண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுவது ஒரு பிளாஸ்டிக் புனலையும் ஒரு சின்னக் காந்தத்தையும்தான். அதைப் பற்றியே எழுதிவிடுகிறேன். தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்!

ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். நெய்த துணியை வெளுத்து, வெட்டவெளியில் காயப்போட வேண்டும். எங்க அம்மா அந்தக் களத்தில்தான் வேலை பார்க்கிறார். அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட் வேலை. இரண்டு பேருக்கும் பள்ளிக்கூட வாசனை கிடையாது. எங்கள் குடும்பத்தில் ‘சர்க்யூட்’ என்ற சொல்லை முதலில் வீட்டுக்குள் கொண்டு வந்தது நான்தான்.

முதலாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறை. ஒரு நாள் மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். நல்ல வெயில். களம் நிறையத் துணி. திடீரென்று மலைப் பக்கம் இருட்டியது, காற்று அடித்தது, கால் மணி நேரத்தில் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. பாதித் துணியை அள்ளுவதற்குள் மீதி சேற்றில் கிடந்தது. திரும்ப வெளுக்க வேண்டும். அன்றைக்குக் கூலியும் பாதிதான். ராத்திரி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற அத்தைக்குப் போன் போட்டால், “மழையா? இங்க ஒரு பொட்டு இல்லையே, வெக்கை தாங்கல” என்கிறார்! இடையில் பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான் தூரம்.

என் கைப்பேசியில் அன்றைக்கு ‘மழைக்கு வாய்ப்பு 40 சதவீதம்’ என்று போட்டிருந்தது. நாற்பது சதவீதம் துணியை மட்டும் எடுத்து வைக்க முடியுமா, சொல்லுங்கள்?

யாரையும் குறை சொல்லவில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ல் தொடங்கியது. காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து, முந்தின 24 மணி நேரத்துக் கணக்கை எழுதுகிறார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, பிளவக்கல் என்று நம்ம மாவட்டக் கணக்கு பேப்பரில் வருகிறதே, அது நேற்றைக்குப் பெய்த மழை. புயலுக்கும் பருவமழைக்கும் மாநிலம் முழுக்க எச்சரிக்கை கொடுப்பது அவர்கள் வேலை. கோடை இடியோ ஒரு ஊருக்குப் பெய்து அடுத்த ஊரை விட்டுவிடும். ஒரு களத்தின் மேல் எத்தனை மணிக்கு மழை இறங்கும் என்று சென்னையிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதை அந்தக் களத்தில் இருக்கிறவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ‘ஸ்மார்ட் ஹோம்’ என்று ஒன்று சொல்கிறார்களே, அதற்கு வருகிறேன். விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். கை தட்டினால் விளக்கு எரியும், படுத்தபடியே திரைச்சீலையை மூடலாம், வீட்டுக்குள் நுழையும் முன்பே ஏ.சி. ஓடும். நம்மில் எத்தனை பேர் வீட்டில் ஏ.சி. இருக்கிறது? திரைச்சீலை இருக்கிறது? எங்கள் வீட்டு ஜன்னலுக்கு அப்பாவின் பழைய வேட்டி. அதனால் தானியங்கி வீடு என்பது பணக்காரர் சமாச்சாரம் என்று நாமே ஒதுங்கிக்கொள்கிறோம். என் கருத்து நேர் எதிரானது. வெயிலையும் மழையையும் நம்பிப் பிழைக்கிற வீட்டுக்குத்தான் அது முதலில் தேவை. அந்த வீட்டுக்கு முதல் உறுப்பு, விளக்கைப் போடும் சுவிட்ச் அல்ல. வெளியே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஒரு வானிலைப் பெட்டி.

புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் வருகிற ஆயிரம் ரூபாயில் மிச்சம் பிடித்துச் சாமான் வாங்கினேன். ஒரு ஈ.எஸ்.பி.32 போர்டு, வெப்பம்-ஈரப்பதம்-காற்றழுத்தம் மூன்றையும் அளக்கும் பி.எம்.இ.280 சென்சார், ஒரு ரீட் ஸ்விட்ச். முதல் அடி இங்கேயே விழுந்தது. பி.எம்.இ.280 என்று சொல்லித் தந்தது பி.எம்.பி.280. அதில் ஈரப்பதம் அளக்கும் வசதியே கிடையாது! வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சிப்பின் அடையாள எண்ணை நிரலில் படித்துப் பாருங்கள்: பி.எம்.இ. என்றால் 60 என்று வரும், பி.எம்.பி. என்றால் 58 (இரண்டும் பதினாறடி எண்ணில்). வாங்கினவுடன் முதலில் இதைச் செய்யுங்கள்.

மழைமானி நானே செய்தது. புனல் வாயின் பரப்பு 100 சதுர செ.மீ. அதன் கீழே ஏற்றப்பலகை மாதிரி ஆடுகிற இரட்டைக் கிண்ணம். ஒரு பக்கம் 2 மில்லி தண்ணீர் நிறைந்தால் சாய்ந்து கொட்டும், மறு பக்கம் மேலே வரும். ஒவ்வொரு சாய்வுக்கும் காந்தம் ரீட் ஸ்விட்ச்சைக் கடந்து போகும். 2 கன செ.மீ.-ஐ 100-ஆல் வகுத்தால் 0.02 செ.மீ., அதாவது ஒரு சாய்வு 0.2 மி.மீ. மழை. மருந்துக்கடை ஊசிக்குழலில் 2 மில்லி அளந்து ஊற்றி, சரியாகச் சாயும் வரை திருகைத் திருகினேன். நாலு நாள் ஆனது. அப்புறம் ரீட் ஸ்விட்ச் ஒரு சாய்வுக்கே மூன்று நான்கு தடவை துடித்து, லேசான தூறலைப் பெருமழையாகக் காட்டியது. நிரலில் சின்ன இடைவெளி நேரம் வைத்தபிறகுதான் அடங்கியது. டிஜிட்டல் பாடத்தில் ‘டீபவுன்ஸ்’ என்று படித்தோமே, மார்க்குக்கு எழுதியது இதற்குத்தான் என்று அன்றைக்குப் புரிந்தது.

வெப்பமானியை மாடிச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். மத்தியானம் 47 டிகிரி காட்டியது! ஊரே பற்றி எரிகிறது என்று பயந்தேன். அது காற்றின் வெப்பம் இல்லை, சுவரின் வெப்பம். வானிலை நிலையங்களில் வெள்ளையடித்த, பக்கமெல்லாம் சாய்வுச் சட்டம் வைத்த மரப்பெட்டி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். அதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் ஒரு கலங்கரை விளக்கப் பொறியாளர். ‘புதையல் தீவு’ கதை எழுதியவரின் அப்பா. நான் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளை இடைவெளி விட்டு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் சென்சாரைத் தொங்கவிட்டேன். வெயில் படாது, காற்று மட்டும் போய் வரும். மறுநாளே 38-க்கு இறங்கிவிட்டது. கல்யாண வீட்டுத் தட்டுதான், சிரிக்காதீர்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ‘காற்றழுத்தம் குறைந்தால் மழை வரும்’ என்று எல்லா வழிகாட்டிகளிலும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் ஆயத்த வானிலைக் கருவிகளிலும் இதை வைத்துத்தான் மேகப் படமும் சூரியன் படமும் மாறி மாறி வருகின்றன. நானும் அப்படியே நிரல் எழுதி, அம்மாவின் களத்தில் ஒரு மணியைக் கட்டிவிட்டேன். முதல் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு மணி அடித்தது. எல்லோரும் ஓடி ஓடித் துணியை அள்ளினார்கள். மழை இல்லை. இரண்டாம் நாள் மூன்று மணிக்கு மறுபடி அடித்தது. மழை இல்லை. மூன்றாம் நாள் அம்மா மணியின் ஒயரைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டார். “நீ படிக்கிறது எல்லாம் சரி, இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிரு” என்றார். பத்துப் பேர் முன்னால். அழுகையே வந்துவிட்டது.

பத்து நாள் கணக்கை வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். அழுத்தம் தினமும் காலை பத்து மணிவாக்கில் ஏறுகிறது, சாயங்காலம் நாலு மணிவாக்கில் இறங்குகிறது, ராத்திரி பத்துக்கு ஏறி விடியற்காலை நாலுக்கு மறுபடி இறங்குகிறது. கடிகாரம் மாதிரி! தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: கடலில் ஓதம் இருப்பதுபோல் காற்று மண்டலத்திலும் வெயிலின் சூட்டால் ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. நிலநடுக்கோட்டுப் பக்கத்து நாடுகளில்தான் அது பெரிதாகத் தெரியும், சுமார் 3 மில்லிபார் வரைக்கும். ஐரோப்பாவில் அது சின்னது. அங்கே புயலும் மழையும் கொண்டு வரும் மாற்றம்தான் பெரிது. அங்கத்து விதியை இங்கே மாட்டினால், தினசரி மூன்று மணிக்குப் பொய் மணி அடிக்கத்தானே செய்யும்? இப்போது இன்றைய நான்கு மணி அழுத்தத்தை நேற்றைய நான்கு மணி அழுத்தத்தோடு ஒப்பிடுகிறேன். அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் கடலில் தாழ்வு நிலை வரும்போது உதவுமே தவிர, கோடை இடிமழைக்கு உதவாது.

கோடை மழைக்கு வழி சொன்னது அம்மாதான். “மேக்க கருக்கும், காத்து நின்னுபோகும், அப்புறம் குளுகுளுன்னு ஒரு காத்து முகத்துல அடிக்கும், அப்ப ஓடணும்” என்றார். அந்தக் குளிர்ந்த காற்று இடிமேகத்திலிருந்து கீழே இறங்கி மழைக்கு முன்னால் ஓடி வருவது என்று புத்தகத்தில் இருக்கிறது. பத்து நிமிஷத்துக்குள் 3 டிகிரி இறங்கி, ஈரப்பதம் கூடினால் மணி அடிக்க வேண்டும் என்று நிரலை மாற்றினேன். பெட்டியைக் களத்துக்கு மேற்கே, ஒரு சொந்தக்காரர் தோட்டத்தில் வைத்தேன். அங்கேயிருந்து களத்துக்குச் செய்தி அனுப்ப லோரா ரேடியோ; 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை நம் நாட்டில் தனி உரிமம் இல்லாமல் குறைந்த சக்தியில் பயன்படுத்தலாம். போன கோடையில் மணி ஆறு தடவை அடித்தது. நாலு தடவை மழை வந்தது. இரண்டு தடவை வெறும் காற்று. ஒரு தடவை மணி அடிக்காமலே மழை வந்தது, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். அம்மா ஒயரை இன்னும் பிடுங்கவில்லை!

வீட்டில் இதே பெட்டி வேறு வேலையும் பார்க்கிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். எங்கள் மாடி 37 சதுர மீட்டர். 20 மி.மீ. மழை என்றால் 740 லிட்டர் தண்ணீர்! 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேமிப்பு கட்டாயமானது. எத்தனை வீட்டில் அந்தக் குழாய் இன்னும் வேலை செய்கிறது என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். முதல் 2 மி.மீ. மழை மாடித் தூசியைக் கழுவி வெளியே போக வேண்டும், அதற்கப்புறம் வால்வு தானே திரும்பித் தொட்டிக்கு விட வேண்டும். பத்துச் சாய்வு எண்ணினால் போதும். நிரலில் நாலு வரி. இதைவிடப் பெரிய ‘ஸ்மார்ட் ஹோம்’ எங்களுக்கு எதற்கு?

சிலர் கேட்கிறார்கள், “இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது, உனக்கு ஏன்?” என்று. அரசாங்கமும் செய்கிறது. வேளாண் பல்கலைக்கழகம் ஒன்றியங்களில் தானியங்கி வானிலை நிலையங்கள் வைத்திருக்கிறது. ஆனால் 2015 மே மாதம் சதுரகிரியில் என்ன நடந்தது? மலையில் பெய்த மழையில் காட்டாற்று வெள்ளம் வந்து பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். மேலே பெய்வது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. நம்ம அய்யனார் கோயில் ஆற்றிலும் அதே கதைதான். ஊரில் வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.-க்கு மேல் பெய்தது. எத்தனை மழைமானி இருந்தாலும் போதாது என்கிற ஊர் நம்முடையது. சென்னையில் 1786-ல் வில்லியம் பெட்ரி என்கிற கம்பெனி அதிகாரி எழும்பூரில் சொந்தமாக வைத்த வான் ஆய்வுக்கூடம்தான் 1792-ல் நுங்கம்பாக்கத்து அரசு ஆய்வுக்கூடமாக ஆனது. ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜானும் வானிலைத் துறை ஊழியர் அல்ல. ஆர்வத்தில் கணக்கு எழுதத் தொடங்கியவர்தான். நாம் மட்டும் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்?

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு நாம் என்ன செய்கிறோம்? பெரிய ஊர்க் கடையில் காசு கொடுத்து, ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பெட்டியாக வாங்கி வருகிறோம். ‘தானியங்கித் தெருவிளக்கு’, ‘தானியங்கிப் பாசனம்’. தேர்வு நாளன்று எரியும், மறுநாள் பரணுக்குப் போகும். அதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்ததில்லை. நானும் முதலில் அப்படி ஒரு கடைக்குப் போனவள்தான். நாலாயிரம் என்றார்கள். காசில்லாததால் திரும்பி வந்தேன், வேறு பெரிய கொள்கை எல்லாம் கிடையாது. கடைப் பெட்டி ஒரு நாள் வேலை செய்தால் போதும். களத்தில் கட்டின பெட்டி நாளைக்கும் வேலை செய்ய வேண்டும். பொய் சொன்னால் பத்துப் பேர் திட்டுவார்கள். எக்ஸ்டர்னல் கேட்கிற கேள்வியை விட எங்க அம்மா கேட்கிற கேள்வி கஷ்டமானது.

இப்போது களத்துக்கு மேற்கே ஒரு பெட்டி, எங்கள் மாடியில் ஒன்று, அவ்வளவுதான் இருக்கிறது. அத்தை வீட்டு மாடியில் அடுத்த மாசம் ஒன்று வைக்கிறேன். பால்கோவா வாங்கப் போகிற சாக்கில் பேட்டரி மாற்றிக்கொள்ளலாம். வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில், சேத்தூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் யாராவது மாடியில் இடம் கொடுத்தால், இடி எந்தப் பக்கமிருந்து எவ்வளவு நேரத்தில் நகர்ந்து வருகிறது என்று பார்க்க முடியும். இடி முழங்கும்போது மட்டும் மாடிக்கு ஏறாதீர்கள், கம்பியையும் உயரமாக நடாதீர்கள். நிரலும் புனல் அளவும் என் நோட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ரீட் ஸ்விட்ச் இரண்டு மிச்சம் இருக்கிறது. முதலில் வருகிறவர்களுக்குத் தருகிறேன்.