ரசம் கொதிக்கும் சொம்பு

புதுக்குடித்தனத்துக்கு வாங்கித் தரும் சாமான்களில் ஈயச் சொம்பு மறுபடி இடம்பிடித்திருக்கிறது. எவர்சில்வர் வந்து பரணுக்கு ஏற்றிவிட்ட பாத்திரம் அது. இப்போது கும்பகோணம் பாத்திரக் கடைகளிலும் கண்காட்சிகளிலும் இணையத்திலும் ‘பாட்டி காலத்து ரசம்’ என்ற பேச்சோடு விலைபோகிறது. அமெரிக்காவில் இருக்கும் பெண்ணுக்குப் புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்து எடுத்துப்போகிறவர்களும் உண்டு. அந்த ரசத்தின் மணம் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் அந்தச் சொம்பு எனக்குக் கவலை தருகிறது.

ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆக வேண்டியது. வெள்ளீயம் சமையலுக்கு ஆகாத பொருள் இல்லை. பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசுவதும், தகர உணவு டப்பாக்களின் மேல் பூசுவதும் அதுதான். காரீயம் வேறு உலோகம், நஞ்சு. ஆனால் இரண்டும் மெத்தென்று இருக்கும், சீக்கிரம் உருகும், உருகினால் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327 டிகிரியில். சந்தையில் வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். கலப்படத்துக்கு இந்த விலை வித்தியாசமே போதும். கெட்ட எண்ணம் இல்லாமலும் காரீயம் உள்ளே வரும். பழைய பாத்திரத்தையும், மின்சாதனங்களைப் பற்றவைக்கும் ஈயக் கம்பியையும் சேர்த்து உருக்கினால் ஆயிற்று. அந்தக் கம்பியில் காலங்காலமாகக் காரீயம்தான் பாதிக்குக் கொஞ்சம் குறைய இருந்து வந்திருக்கிறது.

அப்படி ஒரு சொம்பில் நாம் என்ன வைக்கிறோம்? புளி, தக்காளி, உப்பு. அதையும் கொதிக்க வைக்கிறோம். புளிப்பும் சூடும் நேரமும் சேர்ந்தால் காரீயம் கரைந்து வரும். ரசம் இந்த மூன்றையும் கொண்டது. கொதித்து இறக்கிய பிறகும் அதே சொம்பில் மத்தியானம் வரை இருந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும். கரைந்தது நிறத்திலும் தெரியாது, ருசியிலும் தெரியாது.

தாளில் தேய்த்துப் பாருங்கள், கறுப்புக் கோடு விழாவிட்டால் சுத்தமானது என்று சொல்லி விற்கிறார்கள். காரீயம் மிகுதியாக இருந்தால் கோடு விழும் என்பது சரிதான். நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு கலந்திருந்தால் எந்தத் தாளும் காட்டிக்கொடுக்காது, ரசத்துக்கு அதுவே அதிகம். உலோகத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடியது ஆய்வுக்கூடத்துக் கருவிதான். தங்கத்தின் தரம் பார்க்கிறார்களே, அந்த வகை எக்ஸ்ரே கருவி. நகைக்கு 2021 முதல் ஹால்மார்க் கட்டாயம் என்றாகிவிட்டது. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும் என்று மத்திய அரசு 2024இல் ஆணை போட்டது. ஈயச் சொம்பு அதில் இல்லை. குழந்தைக்குப் பருப்பு ரசம் கரைத்து ஊட்டுகிற வீட்டில் நகையைவிடச் சொம்புக்கல்லவா முத்திரை முதலில் வேண்டும்?

இது ஈயச் சொம்போடு முடிகிற விஷயம் இல்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டியில், ஆப்கான் அகதிக் குடும்பத்துக் குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் கூடுதலாக இருந்தது. காரணத்தைத் தேடிய சுகாதாரத் துறையினர், அந்தக் குடும்பங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த அலுமினியப் பிரஷர் குக்கர்களையும் சட்டிகளையும் சோதித்தார்கள். பலவற்றிலிருந்து காரீயம் இறங்கியது. அந்த ஆய்வு 2022இல் வெளியானது. 2024இல் வாஷிங்டன் மாநிலம் சமையல் பாத்திரங்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே இயற்றியது. 2025இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விடுத்த எச்சரிக்கையில் அலுமினியம், பித்தளையோடு நம் வீடுகளில் புழங்கும் இண்டாலியமும் பெயர் சொல்லியே இடம்பெற்றது. இதற்கெல்லாம் முன்பே, 2017இல் வந்த ஓர் ஆய்வு, இந்தியா உட்படப் பத்து நாடுகளில் வாங்கிய 42 அலுமினியப் பாத்திரங்களைச் சோதித்து, ஏறக்குறைய மூன்றில் ஒன்று கவலைப்படும் அளவில் காரீயம் விடுகிறது என்று கண்டது. பழைய இன்ஜின் பாகம், கம்பி என்று கிடைத்த கழிவையெல்லாம் உருக்கி வார்ப்பதுதான் காரணம். பித்தளையில் கதை வேறு. வார்க்கவும் கடையவும் எளிதாக இருக்கட்டும் என்று கொஞ்சம் காரீயம் சேர்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம். உள்ளே ஈயம் பூசாமல் பித்தளையில் புளி ஊற்றக் கூடாது. பூசக் கொடுக்கும்போது சுத்த வெள்ளீயத்தை நாமே வாங்கிக் கொடுப்பது நல்லது.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் ‘ஸ்லோ குக்கர்’ பற்றிக் கேட்கிறார்கள். காலையில் பருப்பும் காயும் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம் சாம்பார் தயார். உள்ளே இருப்பது பீங்கான் தொட்டி. அதன் வழவழப்பான பூச்சில் ஒருகாலத்தில் காரீயம் சேர்ப்பது வழக்கம். பூச்சு சீக்கிரம் உருகும், பளபளப்பு வரும். சரியான சூட்டில் சுட்டிருந்தால் காரீயம் அந்தக் கண்ணாடிப் பூச்சுக்குள் கட்டுண்டு கிடக்கும். சரியாகச் சுடாவிட்டாலோ, பூச்சு விரிசல் விட்டாலோ வெளியே வரும், எட்டு மணி நேரம் கொதிக்கும் தக்காளிக்கு அது போதுமான அவகாசம். இப்போது விற்கும் பெயர் பெற்ற குக்கர்களைப் பார்த்து மிரள வேண்டாம். விரிசல் விட்ட தொட்டியையும், எங்கே செய்தது என்று தெரியாத வண்ணப் பாத்திரத்தையும்தான் ஒதுக்க வேண்டும். நம் வீட்டு ஊறுகாய் ஜாடிக்கும் இதையே சொல்வேன். உப்பும் எலுமிச்சையும் மாதக்கணக்கில் கிடக்கிற இடம் அது.

இவ்வளவு பதற்றம் எதற்கு என்று கேட்கலாம். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை. கால்சியம் என்று நம்பி உடம்பு அதை எலும்பில் சேர்த்துவைக்கிறது. கருவுற்ற காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கிளம்பிக் குழந்தைக்குப் போகிறது. உள்ளே போகும் காரீயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாகச் சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளரும் வயதில் இழந்ததை மருந்து கொடுத்து மீட்க முடியாது. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருப்பதாக யுனிசெஃப் 2020இல் சொன்னது. இரும்புச்சத்து குறைந்த உடம்பு இன்னும் அதிகமாக இழுக்கும் என்பதுதான் என்னை உறுத்துகிறது. இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது.

என் முடிவு இது: சோதித்த சான்று கையில் இல்லாத ஈயச் சொம்பில் ரசம் வைக்க வேண்டாம். எவர்சில்வரில் வையுங்கள்; அதில் காரீயத்துக்கு வேலையே இல்லை. இரும்புச் சட்டி புளிக்கு ஒத்துவராது, தோசைக்கும் வதக்கலுக்கும் நல்லது. சொம்புதான் வேண்டும் என்பவர்கள் ஆய்வுக்கூடச் சான்றைக் கேளுங்கள், காரீயம் இல்லை என்று பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையாகத் தொழில் செய்யும் பட்டறைக்காரருக்கும் அது நல்லதுதான். மாநில உணவுப் பாதுகாப்புத் துறை கடைகளில் மாதிரி எடுத்து முடிவுகளை ஊரறிய வெளியிட வேண்டும்.

சின்னக் குழந்தைகளோ கர்ப்பிணிகளோ இருக்கும் வீட்டில் ஏற்கெனவே நெடுநாளாக அந்தச் சொம்பு புழங்கியிருந்தால், டாக்டரிடம் சொல்லி இரத்தத்தில் காரீயத்தின் அளவைப் பார்த்துவிடுங்கள். கையிலிருந்து எடுக்கும் சாதாரண இரத்தமே போதும். அளவு சற்றுக் கூடியிருந்தால் பெரும்பாலும் முதல் சிகிச்சை, காரீயம் வரும் வழியை அடைப்பதும், இரும்பும் கால்சியமும் குறையாமல் சாப்பிடக் கொடுப்பதும்தான்.