மிச்சமாகும் நேரத்தில் எழுத இயலாது

புத்தாண்டு நாட்குறிப்பின் முதல் பத்துப் பக்கங்கள் நிறைந்திருக்கும்; மாசி மாதத்துப் பக்கங்கள் வெறுமையாய்க் கிடக்கும். "இவ்வாண்டு எப்படியும் எழுதிவிட வேண்டும்" என்னும் உறுதி தளர்வதற்குச் சோம்பலைக் காரணம் காட்டுவது எளிது. உண்மையில் பிழை கணக்கில் இருக்கிறது. வேலைகளெல்லாம் முடிந்தபின் மிஞ்சும் நேரத்தில் எழுதலாம் என எண்ணுகிறோம். அப்படி எதுவும் மிஞ்சுவதில்லை.

கொழிஞ்சாம்பாறை போன்ற எல்லையோர ஊர்களில் இந்தக் கணக்குப் பிழையின் இழப்பு பெரிது. 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் அமைந்தபோது பத்து வயதாயிருந்த சிறுவர் இன்று எண்பதை ஒட்டிய முதியவர். எல்லை வகுக்கப்படுமுன் சந்தைக்கு எவ்வழியே சென்றனர், பள்ளியில் எம்மொழியில் பயின்றனர், மலையாளமும் கொங்குத் தமிழும் கலந்த பேச்சில் எந்தப் பயிருக்கு என்ன பெயர் வழங்கிற்று என்பவையெல்லாம் அவர்தம் நினைவில் மட்டுமே உள்ளன. நமது ஓய்வுக் காலம் வரை அவர்கள் காத்திருக்க இயலாது.

எழுத்துக்கு நேரம் ஒதுக்கும் முறையை இவ்வட்டார உழவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் வர வேண்டும். அந்த நீராண்டு ஜூலை 1இல் தொடங்கி மறு ஆண்டு ஜூன் 30இல் முடிகிறது. "பிறர் தேவையெல்லாம் தீர்ந்தபின் மிஞ்சுவதைத் தருகிறோம்" என்று கூறியிருந்தால் இங்கு எந்த வயலும் விளைந்திராது. அளவு சிறிதாயினும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட பங்கே பயிரைக் காக்கும். சேமிப்பும் அவ்வாறே: மாதத் தொடக்கத்தில் தொடர் வைப்புக்குச் சென்ற தொகையே நிற்கும்.

ஆகவே திட்டத்தைக் கழித்தலில் தொடங்குவோம். ஆண்டுக்கு 52 வாரங்கள். நெல் அறுவடை, பிள்ளைகளின் தேர்வு, மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, ஓணம், பொங்கல், உறவினர் திருமணங்கள், எதிர்பாராத காய்ச்சல் எனப் பன்னிரண்டு வாரங்களைத் தயங்காமல் நீக்கிவிடுவோம். எஞ்சும் 40 வாரங்களில், வாரம் இரு முறை அரை மணி நேரம் அமர்ந்து, ஒவ்வொரு முறையும் 150 சொற்கள் எழுதினால் ஆண்டிறுதியில் 12,000 சொற்கள் சேரும். ஆயிரம் சொல் அளவில் பன்னிரண்டு கட்டுரைகள். ஒரு சிறு நூலுக்கு அது போதும். நாள்தோறும் இரண்டு மணி நேரம் எனச் சூளுரைத்து மூன்றாம் வாரம் கைவிடுவதைவிட இது மேலானது.

தொழிலும் எழுத்தும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கடை நடத்திய ஆ. மாதவன் அக்கடைவீதி மனிதர்களையே தம் புனைவுலகாக்கினார். 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். கேரள மின்வாரியத்தில் பொறியாளராகப் பணிபுரிந்துகொண்டே நாவல்கள் படைத்தார் நீல. பத்மநாபன். வண்ணதாசன் வங்கி ஊழியராக இருந்தவர். அவர்களின் பணியிடம் எழுத்துக்குப் பொருளும் தந்தது.

ஆயினும் ஒருவருக்குப் பொருந்திய நேரம் மற்றவருக்குப் பொருந்தாது. ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிராலப் அஞ்சல் துறைப் பணிக்கு முன், விடியற்காலை ஐந்தரை மணிக்கே எழுதத் தொடங்கிவிடுவார் என்பதைப் பலரும் எடுத்துக்காட்டுவர். அவரை எழுப்பிக் காப்பி கொடுக்கக் கூடுதல் ஊதியத்தில் ஒரு பணியாளர் இருந்தார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. விடியுமுன் மாட்டைக் கறந்து பால் சங்கத்துக்கு அனுப்பும் பெண்ணிடம் "அதிகாலையில் எழுதுங்கள்" எனல் அறிவுரையாகாது. அவருக்கு வேண்டியது வாரத்தில் இரண்டு அரை மணிகளை வீட்டார் தம் பொறுப்பில் ஏற்பதே. எழுதுவோரின் மன உறுதியைப் போலவே வீட்டாரின் இசைவும் இத்திட்டத்தின் முதலீடாகும்.

எழுத அமர்ந்தும் சொல் வராத நாள்கள் உண்டு. அன்று ஒரு முதியவரிடம் ஒரு கேள்வி கேட்டு, விடையைக் கைப்பேசியில் பதிந்துகொண்டால் போதும். அடுத்த அமர்வுக்கு அதுவே வித்தாகும். ஒரு வாரம் தவறினால் அதை மறுவாரத்தில் இரட்டிப்பாக்க முயல வேண்டாம். நீக்கிவைத்த பன்னிரண்டில் அதையும் சேர்த்துக்கொண்டு மேற்செல்வதே நடைமுறைக்கு உகந்தது.

புதிய நாட்குறிப்பு கைக்கு வந்ததும் எழுத இயலாத வாரங்களை முதலில் குறியுங்கள். எஞ்சியவற்றுள் இரண்டு அரை மணிகளை, வேறெதற்கும் தருவதற்கு முன், உங்கள் ஊரின் பெயரில் எழுதிவையுங்கள்.