வைட்டமின் சி கணையப் புற்றுநோயைக் குணப்படுத்துமா? அயோவா ஆய்வு சொல்வது என்ன?

‘வைட்டமின் சி ஏத்தினா கேன்சர் போயிடும், கீமோவே வேணாம்’ என்கிற ரீதியில் வாட்ஸ்அப் ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கலாம். இப்படிப் பரவும் செய்திகளுக்குப் பின்னால் ஒரு நிஜ ஆய்வும் இருக்கிறது. ஆனால், அது சொல்வது வேறு.

என்ன ஆய்வு?

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வு இது. 2024-ல் ‘ரெடாக்ஸ் பயாலஜி’ இதழில் வெளியானது. கணையப் புற்றுநோய் மற்ற உறுப்புகளுக்கும் பரவிவிட்ட 34 பேர் இதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கீமோ மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அதே கீமோவுடன், வாரம் 3 முறை 75 கிராம் வைட்டமின் சி டிரிப்ஸாக ஏற்றப்பட்டது. கீமோ மட்டும் எடுத்தவர்களின் சராசரி ஆயுள் சுமார் 8 மாதங்கள். வைட்டமின் சி-யும் எடுத்தவர்களுக்கு 16 மாதங்கள்.

மாத்திரை போதாதா?

போதாது. எவ்வளவு விழுங்கினாலும் குடல் ஓரளவுக்கு மேல் உறிஞ்சாது. நோபல் விஞ்ஞானி லைனஸ் பாலிங் 1970-களிலேயே இந்தச் சிகிச்சைக்காக வாதாடினார். மாயோ கிளினிக் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தது, பலனில்லை. நரம்பில் ஏற்றும்போதுதான் ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு எகிறும்.

எப்படி வேலை செய்கிறது?

சாதாரண அளவில் வைட்டமின் சி செல்களைப் பாதுகாக்கும். அளவு எகிறினால் கதை தலைகீழ்: ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறது. நல்ல செல்கள் அதை எளிதில் சிதைத்துவிடும். புற்றுநோய் செல்கள் பலவற்றுக்கு அந்தத் திறன் குறைவு. அதனால் அவை பாதிக்கப்படுகின்றன. கீமோவின் தாக்குதலும் சேரும்போது அடி இரட்டிப்பாகிறது.

அப்போ நம்பலாமா?

நம்பிக்கை தருகிறது, ஆனால் 34 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. சீனாவில் பெருங்குடல் புற்றுநோயாளிகள் 442 பேரிடம் கீமோவுடன் சேர்த்துச் சோதித்தபோது, நோய் மீண்டும் வளர்வது ஒட்டுமொத்தமாகத் தள்ளிப்போகவில்லை. அது வேறு புற்றுநோய்தான் என்றாலும், பெரிய ஆய்வு ஏன் அவசியம் என்பதை அது காட்டுகிறது.

ஆபத்து உண்டா?

உண்டு. ஜி6பிடி நொதிக் குறைபாடு இருந்தால் ரத்த சிவப்பணுக்கள் உடையலாம். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களுக்கும் ஆபத்து. டிரிப்ஸ் ஏற்றிய பிறகு சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைத் தவறாக அதிகம் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் விபரீதம்.

முக்கியமான விஷயம்: 16 மாதம் வாழ்ந்தவர்கள் கீமோவை விட்டவர்கள் அல்லர். கீமோவோடு சேர்த்து எடுத்தவர்கள். ஃபார்வர்டு விட்டுவிடுவது இதைத்தான்.